சாவைக் கூட்டினால் கண்ணீர் கூடாது

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “போரில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். ஒன்பது பேர் சாகிறார்கள். படித்த தோழிகள் ‘பாவம்’ என்றார்களே தவிர, ஒருத்தியும் கலங்கவில்லை. புத்தகம் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஒருவர், இன்னும் இரண்டு சாவும் ஒரு சித்திரவதைக் காட்சியும் சேர்த்தால் பரிசு நிச்சயம், இரண்டு லட்சம் ரூபா தந்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? கதையை எப்படித் திருத்துவது?”

கொடுக்காதீர்கள், தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தில் குடும்பம் பங்கருக்குள் இறங்குகிறது, ஷெல் விழுகிறது, அக்கா சாகிறாள். எட்டுப் பக்கம். அவள் வடிவானவள், எல்லோருக்கும் நல்லவள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு என்ன வேண்டும், யாரோடு கோபம், எதை விட்டுக்கொடுக்க மாட்டாள்? அறிமுகமில்லாத செத்தவீட்டுக்குப் போனால் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோமே, உங்கள் தோழிகள் செய்ததும் அதுதான்.

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவது, இழப்பது, இருந்த நிலை குலைவது, இல்லாமை. உங்கள் நாவலில் இழவு மட்டும்தான் ஒன்பது முறை வருகிறது. மற்ற மூன்றையும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இடம்பெயர்ந்த சனத்தைக் கேட்டுப் பாருங்கள். நேற்றுவரை சொந்தக் கிணற்றில் அள்ளிக் குளித்தவர்கள், தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய கிணற்றடியில் வாளியோடு முறைக்கு நின்றதைத்தான் முதலில் சொல்வார்கள். அது அசைவு. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அது இளிவு. இவற்றைக் கூட இருந்து பார்த்த வாசகருக்குத்தான் பிறகு வரும் சாவு சுடும்.

உங்கள் நாலாம் அத்தியாயத்தில், செத்த அக்காவை நினைத்துப் பார்க்கும் இடத்தில், ஒரு வரி கிடக்கிறது: அக்கா தையல் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டினாள். அதோடு விட்டுவிட்டீர்கள். அந்த மெசினில் யாருடைய துணி இருந்தது? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை என்று வையுங்கள். காசு வாங்கிவிட்டாள், சட்டைக்குக் கை இன்னும் பொருத்தவில்லை. ஒக்டோபர் 30 இரவு, மழை, தென்மராட்சிக்குப் போகும் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அசைய இடமில்லாமல் நகர்கிறது. நடக்க முடியாமல் இருந்துவிட்ட அம்மம்மாவைக் கரியரில் ஏற்ற வேண்டும் என்றால் மெசினை இறக்கித்தான் ஆக வேண்டும். அக்கா இறக்குகிறாள். ஆனால் சட்டையை மட்டும் உருவி, மடித்து, தன் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறாள். இப்போது அவளை எனக்குத் தெரியும். சாவகச்சேரியில் அவள் ஊசி தேடி அலையட்டும். கை பொருத்தாமல் அவள் செத்தால், நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பேன்.

ஷெல் சத்தத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். யாழ்ப்பாணத்து வாசகருக்கு அது காதிலேயே இருக்கிறது. ஜாம்போத்தலில் திரி போட்டு எரித்த விளக்குக்கு எண்ணெய் மிச்சம் பிடித்ததை எழுதினால் உங்களை நம்புவார்கள். சித்திரவதைக் காட்சி வேண்டவே வேண்டாம். காயத்தை விவரிக்க விவரிக்க வாசகர் கண்ணை எடுத்துவிடுவார்.

முதலில் பழகவிட்டு, பிறகு இழக்கவிட வேண்டும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. சாவை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். “இன்னும் பத்தொன்பது நாளில் அக்கா செத்துப்போவாள்” என்று தொடங்கினால், அவள் தேங்காய் துருவுவதைக்கூட வாசகர் பதைப்போடு பார்ப்பார். ஆனால் கவனியுங்கள், இங்கேயும் பழக்கம் தேவைதான், சாவுச் செய்திக்குப் பிறகு அது வருகிறது, அவ்வளவுதான். முதல் வரியில் சொல்லிவிட்டோமே என்று இரண்டாம் பக்கத்தில் கொன்றுவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அந்தப் பத்தொன்பது நாளையும் எழுத வேண்டும். அதில் அவள் சிரிக்க வேண்டும், ஒருமுறையாவது பிழையாக நடக்க வேண்டும், தங்கையிடம் காரணமில்லாமல் எரிந்து விழ வேண்டும். எப்படிச் சாகிறாள் என்பதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

சரி, அந்த மனிதருக்கு வருவோம். பரிசு நிச்சயம் என்று சொல்பவர் எவராக இருந்தாலும் விலகிவிடுங்கள். ‘பதிப்புரிமைப் பதிவு’ என்று ஒரு தொகை கேட்பார். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதியதாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது இருக்கும். பதிவு எதுவும் தேவையில்லை. புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். அச்சுச் செலவை அச்சகத்திலேயே நேரே கேளுங்கள். எத்தனை பிரதி, என்ன தாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘முழு உரிமையும் மாற்றப்படுகிறது’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். நம்மிடம் ஒரு நாவலை வரிவரியாகப் படித்து, “இந்த அக்கா இன்னும் உயிரோடு வரவில்லை” என்று சொல்லும் செம்மையாக்குநர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், மாலை, வாழ்த்துரை, ஆய்வுரை, முதற்பிரதி வாங்கக் காசு வைத்த கடிதவுறையோடு உறவினர் எல்லாம் கிடைக்கும். மேடையில் பேசுபவர்களில் பாதிப்பேர் அட்டையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மிச்சப் பிரதிகள் வீட்டு அறையில் கறையான் பிடிக்கும். போட்டி நடத்துபவர்களும் எழுத்தை விட்டுவிட்டுக் கருப்பொருளுக்குப் புள்ளி போடுவதால்தான், சாவின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் தரகர் பிழைக்கிறார்.

அவரிடம் கொடுத்த பிரதியைத் திருப்பி வாங்குங்கள். மின்கோப்பு அனுப்பியிருந்தால், வெளியிட அனுமதி தரவில்லை என்று எழுதி அனுப்பி, அதன் நகலை வைத்திருங்கள். ஒன்பது சாவில் ஆறை வெட்டிவிட்டு, நாலாம் அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.