பூனை சோம்பேறி இல்லை, தங்கச்சி

கேள்வி: அக்கா, எங்கள் பூனை சின்னப்பொண்ணுக்கு 11 வயது, எடை ஆறரைக் கிலோ. மழை ஆரம்பித்ததிலிருந்து உடம்பை நக்கிச் சுத்தம் பண்ணுவதே இல்லை. இடுப்புக்குப் பின்னால் முடி சடை பிடித்துவிட்டது, வாலடியில் மலம் ஒட்டிக்கொண்டு வீடே நாறுகிறது. "சோறு தின்று தின்று சோம்பேறியாகிவிட்டது" என்கிறார் மாமியார். வீட்டில் நாய்க்குப் போடும் உண்ணி ஷாம்பூ இருக்கிறது, அதைப் போட்டுக் குளிப்பாட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, மௌல்மீன், பர்மா

பதில்: ஐயோ, அந்த ஷாம்பூவை முதலில் எட்டாத இடத்தில் வையுங்கள். நாய் உண்ணி மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், நாய் அதைத் தாங்கும், பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பு வெடவெடவென்று நடுங்கி, வலிப்பு வந்து, செத்தே போகலாம்.

அடுத்து மாமியார் விஷயம். விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நக்கியே கழிக்கிற பிராணி பூனை. அது நிறுத்திவிட்டது என்றால் மனசில்லாமல் இல்லை, முடியாமல்தான். எதனால் முடியவில்லை என்பதற்கு நீங்கள் சொன்ன இடமே சாட்சி. வாலடிக்கு நாக்கு எட்ட வேண்டுமானால் உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். குண்டாக இருந்தால் வயிறு இடிக்கும், மூட்டு தேய்ந்திருந்தால் வளைக்கும்போதே வலிக்கும், உங்கள் பூனைக்கு இரண்டும் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயை அமெரிக்காவில் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. நொண்டினால்தானே நமக்குத் தெரியும், பூனை நொண்டாது, மேலே தாவுவதை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். சின்னப்பொண்ணு கடைசியாக எப்போது அலமாரி மேல் ஏறினாள் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு, பல் வலி என்றும் காரணம் இருக்கலாம், ஆகவே கால்நடை டாக்டரிடம் ஒருமுறை காட்டத்தான் வேண்டும். அதுவரை வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

சரி, இப்போது அழுக்குக்கு வருவோம். வாலடி காத்திருக்காது. மழைக்காலத்தில் ஈரமும் மலமும் சேர்ந்த இடத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும், புழு தோலுக்குள்ளேயே இறங்கும். தினமும் இரண்டு வேளை அந்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள். பழைய லுங்கித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்து, காய்ந்து ஒட்டியிருப்பதன் மேல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள், ஊறி இளகியதும் முடி போகும் பக்கமாகத் துடைத்தெடுங்கள். சோப்பு வேண்டாம். துடைப்பதைவிட முக்கியம் காய வைப்பது. கரண்டை நம்பி ஹேர் டிரையரைத் தேட வேண்டாம், பாதிப் பூனைக்கு அந்தச் சத்தமே ஆகாது. காய்ந்த துண்டை இரண்டு மூன்று முறை மாற்றி ஒற்றி ஒற்றி எடுத்தாலே போதும். முழுக் குளியல் தேவையே இல்லை, அதுவும் சடை இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் சடை இறுகிக் கம்பளி மாதிரி ஆகிவிடும்.

சடையைக் கத்தரிக்கோலால் வெட்டலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ரங்கூன் தாம்வேயில் குடியிருந்தபோது என் கிழட்டுப் பூனையின் சடையை இழுத்துப் பிடித்து ஒரே வெட்டு, வந்தது முடி மட்டுமில்லை, கூடவே தோலும். நாலு தையல் போட்டார்கள், அது ஒரு மாதம் என் பக்கமே வரவில்லை, நியாயம்தான். பூனைத் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து கூடாரம் மாதிரி எழும்பி வரும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் சடையில் கொஞ்சம் சோளமாவைத் தூவி, அடியில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள், நம் வீட்டுப் பெண் பிள்ளைக்கு எடுப்பது மாதிரிதான். ஒரு நாளைக்கு ஒரு சடை, ஐந்து நிமிடம், அது வாலை ஆட்ட ஆரம்பித்ததும் விட்டுவிடுங்கள். தோலோடு ஒட்டிப்போனதை டாக்டர் மெஷினால் மழிக்கட்டும், வாலடியைச் சுற்றியும் அப்படியே குட்டையாக மழிக்கச் சொல்லுங்கள், பாதிக் கஷ்டம் குறையும்.

அப்புறம் தினமும் சீவிவிட வேண்டும். பூனை நாக்கில் இருக்கும் கொக்கி போன்ற முட்களின் நுனியில் குழிவு இருக்கிறது என்றும், எச்சிலை முடியின் அடிவரை கொண்டுபோவது அதுதான் என்றும் 2018இல் கண்டுபிடித்தார்கள். சீப்புக்கு அந்த வித்தை வராது, ஆனாலும் உதிர்ந்த முடியையும் பொடுகையும் எடுத்துவிடும்.

எடையை மெதுவாகக் குறையுங்கள், வாரத்துக்கு 60, 70 கிராம் போதும். பட்டினி போட்டுவிடாதீர்கள், குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். சோற்றில் ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) பிசைந்து வைப்பதை நிறுத்தினால் மாமியாருக்கு வருத்தம்தான், என்ன செய்வது. அது மலம் கழிக்கும் மண் தட்டு உயரமாக இருந்தால் ஒரு பக்கம் விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள், கால் தூக்கி ஏற முடியாததால்தான் பாதி அசிங்கமே. நகத்தையும் பாருங்கள், கிழட்டுப் பூனைக்கு அது வளைந்து உள்ளங்காலிலேயே குத்தி நிற்கும்.

கேள்வி: பூனைக்கு மூன்று வயதுதான், ஒல்லி. வாயில் எச்சில் வடிகிறது, முன்னங்கால் எப்போதும் பிசுபிசு, முடி திட்டுத்திட்டாக இருக்கிறது. தாத்தா வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். தனக்கா (மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் சாந்து) பூசினாலும் நல்லது என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா.
– ஒரு வாசகர், பெகு

பதில்: தம்பி, பூனை மேல் எதைப் பூசினாலும் கடைசியில் அது வயிற்றுக்குத்தான் போகும். இரண்டும் வேண்டாம். வேப்பெண்ணெய் பூனைக்கு விஷமாகவே ஆகலாம். உங்கள் பூனைக்குக் கோளாறு முடியில் இல்லை, வாயில். உதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈறு செக்கச்செவேலென்று இருக்கும், வாடையும் அடிக்கும். அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி நக்கும்? பர்மீயத்தில் பூனையும் சௌங், பள்ளிக்கூடமும் சௌங், இழுப்புதான் வேறு, ஆனால் வாய்ப்புண் வந்த பூனைக்கு எந்தப் பாடமும் ஏறாது, அடம்பிடிக்கிறது என்று அடிக்காதீர்கள். டாக்டர் பார்த்துப் பல்லைச் சுத்தம் பண்ணவோ பிடுங்கவோ சொல்லலாம், பல் போனாலும் பூனை நன்றாகவே சாப்பிடும். போகும்போது தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், துண்டில் சுற்றிப் பிடிக்க இன்னும் இரண்டு கை வேண்டும்.