ஒரே ஊரில் மூன்று ரெட்ரோவைரஸ்கள்: கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவ் என்றொரு சின்ன நாடு. அதன் வடமேற்கில் கயோ என்ற ஊர். மஞ்சாகோ இனத்தவர் நெல் பயிரிட்டு வாழும் இடம். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2, இன்னொரு வைரஸான எச்.டி.எல்.வி.-1 மூன்றும் அங்கே இருக்கின்றன. தம் மரபுப்பொருளை நம் செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடும் இந்த வகை வைரஸுக்கு ரெட்ரோவைரஸ் என்று பெயர். 1990 வாக்கில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்க்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கல்லூரி மாணவர்: 1990-ல் அங்கே பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி.-2 இருந்ததாம், 2007-ல் 4.7 சதவீதம்தான். எச்.ஐ.வி.-1 மட்டும் 0.5-லிருந்து 3.6 சதவீதமாக ஏறிவிட்டது. ஊரும் ஒன்று, ஜனமும் ஒன்று. எப்படி?

ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் சுற்றுகிறது என்பதுதான் விஷயம். எச்.ஐ.வி.-2 வந்தவர்களில் பலருக்கு மருந்தே இல்லாமல்கூட வைரஸ் அளவு மிகக் குறைவாக இருக்கும். அளவு குறைந்தால் பரவுவதும் குறையும். உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 415 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு மில்லிலிட்டரில் 1,500-க்கும் குறைவான வைரஸ் இருந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. 2000-ல் வெளியான ஆய்வு அது. அங்கே பார்த்தது எச்.ஐ.வி.-1; ஆனால் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு நோயாளி தன் காலத்தில் சராசரியாக இன்னொருவருக்காவது கொடுக்காவிட்டால் தொற்று தானாகத் தேய்ந்துவிடும்.

அதே மாணவர்: அப்படியென்றால் 8 சதவீதம் வரை எப்படி ஏறியது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. சூட்டி மாங்கபே என்ற குரங்கிடமிருந்து மனிதருக்கு வந்த வைரஸ் இது. உடலுறவால் மட்டும் இவ்வளவு ஏறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. போர்ச்சுகீசியர் ஆட்சியில் தூக்க நோய்க்கும் (ஒருவகை ஈ கடித்து வருவது) காசநோய்க்கும் கூட்டம் கூட்டமாக ஊசி போட்டார்கள். தலைநகர் பிசாவில் முதியவர்களை ஆராய்ந்தபோது, அந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் எச்.ஐ.வி.-2 அதிகம் இருந்தது. பிறகு 1963 முதல் 1974 வரை விடுதலைப் போர்: படைகள், இடப்பெயர்ச்சி, ரத்தம் ஏற்றுதல். ஊசியும் போரும் ஏற்றிவிட்டதை, அவை நின்றபின் வைரஸால் தன் பலத்தில் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. இன்றும் இது வயதானவர்களிடம்தான் அதிகம் தென்படுகிறது.

பெயர் சொல்லாத ஒருவர்: சுற்றி வளைப்பானேன், அந்த ஊர் ஜனங்களின் ஒழுக்கம் சரியில்லை. அதுதானே?

ஒழுக்கம் காரணம் என்றால் இரண்டு வைரஸும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும், ஐயா. ஒன்று இறங்கியதே! கயோ மக்கள் பிழைப்புக்காக செனகல், காம்பியா, போர்ச்சுகல் என்று போய்வருபவர்கள். எச்.ஐ.வி.-1 வந்த வழி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிழைப்புக்கு ஊர்விட்டுப் போவது குற்றமில்லை.

நர்சிங் மாணவி: எச்.ஐ.வி.-2 ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ளலாமா மேடம்?

கூடாதும்மா. எய்ட்ஸாக முற்ற ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான். முற்றிவிட்டால் எச்.ஐ.வி.-1 மாதிரியேதான் கொல்லும். எச்.ஐ.வி.-1-க்கான நெவிரபின், எஃபாவிரென்ஸ் என்ற மருந்துகள் இரண்டும் இதன்மேல் வேலை செய்யாது என்பதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். டோலுடெக்ராவிர் வேலை செய்யும். 1, 2 என்று தனித்தனிக் கோடு காட்டும் ரத்தப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடும் விழுந்தால் உடனே "இரட்டைத் தொற்று" என்று எழுதிவிடாதீர்கள். ஒன்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி மற்றதன் கோட்டையும் நிறமேற்றும். உறுதிசெய்ய வேறு பரிசோதனை வேண்டும். இந்தியாவிலும் இந்த வைரஸ் உண்டு, குறைவாக.

இரண்டு பிள்ளைகளின் தாய்: எச்.டி.எல்.வி. என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மனிதரிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ரெட்ரோவைரஸே அதுதான். 1980-ல் அறிவித்தார்கள், எச்.ஐ.வி.க்கு முன்பே. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் ஒருவகை ரத்தப் புற்றுநோயோ, கால்கள் மெல்ல மெல்ல விழுந்துபோகும் தண்டுவட நோயோ வரும். வைரஸை ஒழிக்க மருந்து கிடையாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு முக்கியமாகத் தாய்ப்பால் வழியாகப் போகிறது. எத்தனை மாதம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு ஆபத்து கூடும். ஜப்பானில் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லியே பெருமளவு குறைத்தார்கள். அதைக் கயோ போன்ற ஊரில் அப்படியே சொன்னால்? நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில் புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விடும். முதல் ஆறு மாதம் கொடுத்துவிட்டு, மாற்று உணவுக்கு வழியிருந்தால் நிறுத்தலாம் என்பது என் கருத்து. வழியில்லையென்றால் தொடர்ந்து கொடுப்பதே மேல்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கொசு கடித்து இவற்றில் ஏதாவது பரவுமா?

பரவாது. பரவும் என்றால் ஆப்பிரிக்கக் கிராமங்களில் கொசுக்கடியும் மலேரியாவுமாக வளரும் ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் எச்.ஐ.வி. நிறைய இருந்திருக்க வேண்டும். மிகக் குறைவாக இருப்பது அந்த வயதினரிடம்தான்.