அரபு அரூப ஓவியத்தில் பழைய இலக்கியம் என்பது வெறும் பெருமைப் பேச்சா?

அரபு ஓவியர்களின் அரூப ஓவியம், அதாவது உருவத்தை அப்படியே வரையாத abstract ஓவியம், பழைய இலக்கியத்திலிருந்து வந்தது என்பது வெறும் பேச்சு, எல்லாம் ஐரோப்பிய நகல்தானே என்று நீங்கள் கேட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஐரோப்பிய அரூபத்தை எடுத்து மேலே நாலு அரபு எழுத்தைத் தூவிவிட்டு மரபு என்கிறார்கள், அதுதானே உங்கள் சந்தேகம்? போன் திரையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

நான் கத்தாரில் வேலை பார்ப்பவன். 2016 கடைசியில் தோஹாவில் ஈராக் ஓவியர் தியா அல் அஸ்ஸாவியின் பெரிய கண்காட்சி நடந்தபோது, கூட வேலை செய்யும் பாக்தாத்காரர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். அஸ்ஸாவி தொல்லியல் படித்தவர், பாக்தாத் தொல்பொருள் துறையிலேயே வேலை பார்த்தவர். 1978இல் முஅல்லகாத் என்ற, இஸ்லாத்துக்கு முந்தைய ஏழு நெடும்பாடல்களை வைத்து அச்சுப்படங்கள் செய்தார். அதைப் பற்றிப் பேச்சு வந்ததுமே நண்பர் அந்த ஏழில் ஒன்றான, லபீத் என்ற கவிஞரின் பாடலை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கூட்டத்தார் விட்டுப்போன கூடாரத் தடங்களை வெள்ளம் கழுவி வெளியே காட்டுகிறது, மங்கிய ஏட்டைப் பேனா மறுபடி எழுதியது போல, என்று வருகிறதாம். மண்ணில் கிடக்கும் கோடுகளை எழுத்தாகப் பார்க்கும் கண் அந்தக் கவிதையிலேயே இருக்கிறது, பாரிஸிலிருந்து யாரும் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. அப்புறம், இந்தப் பாடல்கள் கதையாகவும் ஓடுவதில்லை. பாழிடம், பழைய காதல், பயணம், ஒட்டகம், குதிரை, மழை என்று தாவித் தாவிப் போகும். அதை வரைய வருபவன் படத்தைத் துண்டு துண்டாக உடைத்தால் பாடலின் போக்கில்தான் போகிறான்.

உடனே, இவர்கள் ஐரோப்பாவில் படித்து பிக்காசோவைப் பார்த்து வரைந்தவர்கள்தானே என்பீர்கள், தெரியும். ஈராக்கின் இன்னொரு கலைஞர் ஜவாத் சலீம் பாரிஸிலும் ரோமிலும் லண்டனிலும் படித்தவர்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் 1951இல் பாக்தாத் நவீன ஓவியக் குழுவைத் தொடங்கியபோது அவர் முன்னோடியாகப் பிடித்துக்கொண்டது, 1237இல் ஹரீரி எழுதிய மகாமாத் என்ற கதைநூலுக்குப் படம் வரைந்த யஹ்யா அல் வாசிதியை. நான் விமர்சகன் இல்லை, எனக்கு அரபு பேச்சளவில்தான் தெரியும், எழுத்தை ஒட்டவைத்து விற்கும் மட்டமான படங்களும் நிறைய உண்டு. அதை வைத்து எல்லாரையும் நகல் என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் சம்பளம் எவ்வளவு, தங்கம் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். அங்கே என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்று சொந்தக்காரர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்களாவது கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்: முதலில் முஅல்லகாத்தில் ஒரு பாடலை மொழிபெயர்ப்பிலாவது படித்துவிட்டு அந்தப் படங்களைப் பாருங்கள்.