கண்வலிக்கிழங்கைத் துண்டு போட்டால் முளைக்குமா?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் குப்பனூர்ப் பக்கம் எங்கள் வீடு. போன ஆனியில் இரண்டு கண்வலிக்கிழங்கு வாங்கி, சேனைக்கிழங்கு வெட்டுவது போல ஏழு துண்டாக வெட்டி வேலியோரம் நட்டேன். மூன்று மட்டும் முளைத்தன. அதில் ஒன்றுதான் பூத்தது, அதுவும் காய் பிடிக்கவில்லை. தை பிறந்ததும் மூன்று கொடிகளும் காய்ந்துவிட்டன. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. செடி செத்துவிட்டதா? வீட்டிலேயே இதைப் பெருக்க முடியுமா? விதை போடலாமா ஐயா?

பதில்: முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள் அம்மா. செடி சாகவில்லை, உறங்குகிறது. கண்வலிக்கிழங்குச் செடியான செங்காந்தள் மழைக்காலத்தில் படர்ந்து பூத்துவிட்டு, கொடியைக் காயவிட்டு, கோடை முழுக்க மண்ணுக்குள் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும்.

இனி ஏழு துண்டுக் கணக்குக்கு வருவோம். சேனைக்கும் உருளைக்கும் பல இடங்களில் முளை வரும். கண்வலிக்கிழங்கு அப்படியில்லை. கலப்பை போல இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் வந்தது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. நடுத்துண்டை எவ்வளவு நல்ல மண்ணில் வைத்தாலும் முளைக்காது. நீங்கள் வாங்கிய இரண்டு கிழங்கிலும் சேர்த்து நான்கு நுனிகள் இருந்திருக்கும். மூன்று முளைத்தன என்றால், நான்காவது நுனி வரும் வழியிலேயே சாக்கில் உரசி ஒடிந்திருக்கலாம். அந்த நுனி அவ்வளவு சுலபமாக ஒடியும். இரண்டு கொடிகள் பூக்காததற்கும் வெட்டியதுதான் காரணமாக இருக்கும். அந்த ஆண்டே பூக்க வேண்டுமானால் ஒரு கிழங்கு 50, 60 கிராமாவது இருக்க வேண்டும்.

ஆனாலும் நஷ்டம் இல்லை. நட்ட துண்டு சுருங்கிப்போய், ஒவ்வொரு கொடியின் அடியிலும் இரண்டு கையுள்ள புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். மூன்று கொடி இருந்த இடத்தில் இப்போது ஆறு நுனி. ஆண்டுக்கு ஒன்று இரண்டாகும், வீட்டில் பெருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கோடை மழை தொடங்கும் முன் தோண்டி எடுங்கள். காய்ந்த தண்டிலிருந்து அரை அடி தள்ளிக் கொத்தி, கடைசியில் கையால் மண்ணை விலக்குங்கள். இரண்டு கையும் சேருகிற மூட்டில் மட்டும் பிரியுங்கள், வேறெங்கும் கத்தி படக்கூடாது. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள்.

அந்த மணல் தொட்டியை அடுப்படிப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். என் வீட்டில் ஒருமுறை வேலைக்கு வந்தவர் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இதைக் கழுவிக் கூடையில் போட்டுவிட்டார். நல்லவேளை, அடுப்பில் ஏறும் முன் பார்த்துவிட்டோம். செடி முழுவதிலும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம், கொஞ்சம் தின்றாலே உயிர் போகலாம். கையுறை போட்டு வேலை செய்யுங்கள், சமையல் கத்தி வேண்டாம். ஆடு மாடு இருந்தால் கொடிப்பக்கம் விடாதீர்கள்.

ஆனி, ஆடியில் மழை பிடித்ததும் நடலாம். அதற்கு முன் லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்து, கிழங்கை அதில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். கிழங்கைப் படுக்க வைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் இருந்தால் போதும். ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளி. உங்கள் செம்மண்ணே நன்றாக வரும், மக்கிய தொழுவுரம் சேருங்கள், தண்ணீர் தேங்கக்கூடாது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடிப்பதால் தடித்த கம்பத்தில் இது ஏறாது. கிளுவை வேலியோ மெல்லிய குச்சியோதான் சரி.

காய் பிடிக்காததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. இந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். காலை எட்டு மணிக்கு மேல், ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு இன்னொரு பூவின் சூல்தண்டு நுனியில் தடவுங்கள். ஒரே ஒரு பூ இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

விதை போடலாம், ஆனால் பொறுமை வேண்டும். தோல் கெட்டி, முளைக்க வாரக்கணக்கில் ஆகும். முதல் ஆண்டு கிழங்கு சுண்டுவிரல் அளவுக்குக்கூட வராது; பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஆசைக்கு ஒரு தொட்டியில் போட்டுப் பாருங்கள், வேலிக்குக் கிழங்கையே நம்புங்கள். கூடுதலாகத் தேவைப்பட்டால் பயிரிடும் விவசாயிகளிடம் நுனி ஒடியாததாகப் பார்த்து வாங்குங்கள். சேர்வராயன் மலைப்பக்கம் காட்டில் கொடியைப் பார்த்தால் அங்கே தோண்டாதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம்.

கொடி ஏறியதும் கருப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு வந்து இலையை மொட்டையடிக்கும். ஆறு கொடிக்கு மருந்தெல்லாம் எதற்கு, காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.