லாபிஸ் பொடி ஏன் சாம்பலாகிறது? – கடிதம்

வணக்கம். ஓவியத்துக்கு நீல வண்ணப்பொடி எடுக்க லாபிஸ் லசூலி கல் வாங்கி இடித்து, தண்ணீரில் அலசித் தெளியவைத்தேன். கல் அடர்நீலம், பொடியோ சாம்பல். கல் போலியா? கடையில் வண்ணக் குழாயில் (டியூபில்) கிடைக்கும் அல்ட்ராமரின் என்ற செயற்கை நீலமும் இதே வேதிப்பொருள்தானாமே, பிறகு எதற்கு இந்தப் பாடு?
– ஓர் ஓவிய மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

அசிட்டோன் நனைத்த பஞ்சால் கல்லைத் துடையுங்கள். பஞ்சில் நீலம் ஏறினால் சாயமிட்ட கல். ஆனால் ஆப்கானிஸ்தானின் சர்-இ-சங் சுரங்கத்து அசல் கல்லும் இப்படி அலசினால் சாம்பலாகத்தான் நிற்கும். நீலம் தருவது அதிலுள்ள லாசுரைட் என்ற கனிமம் மட்டும். கூடவே வெள்ளைக் கால்சைட், பொன்மினுங்கும் பைரைட். மூன்றும் சேர்ந்து பொடியானால் வெளுப்பு நீலத்தை விழுங்கிவிடும். லாசுரைட்டுக்கும் கால்சைட்டுக்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசமில்லை, அதனால் தண்ணீர் பிரித்துத் தராது.

இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400 வாக்கில் எழுதிவைத்த வழி இன்றும் செல்லும். கல்லை உலர்வாகவே இடித்துச் சலியுங்கள் (முகமூடி கட்டாயம்). 100 கிராம் பொடிக்கு பைன் பிசின் 50, மாஸ்டிக் பிசின் 25, தேன்மெழுகு 25 கிராம். இவற்றை உருக்கி, துணியில் வடிகட்டி, பொடியைச் சேர்த்து, கையில் ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டு மாவுபோலப் பிசையுங்கள். குறைந்தது மூன்று நாள் அப்படியே இருக்கட்டும், தினமும் கொஞ்சம் பிசைய வேண்டும். பிறகு வெதுவெதுப்பான காரநீரில் (மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த நீர்) போட்டு இரண்டு குச்சிகளால் அழுத்தி உருட்டினால் நீலம் மட்டும் கசிந்து இறங்கும். கால்சைட்டும் பைரைட்டும் பிசினோடு தங்கிவிடும். காரநீர் தோலை அரிக்கும், கை வைக்காதீர்கள். நீர் நிறைய நீலமானதும் வேறு கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் புதுக் காரநீர் விடுங்கள். முதல் இரண்டு வடிப்புதான் உயர்ந்த சரக்கு. கடைசியில் வருவது நீலச்சாம்பல். அதையும் கொட்டிவிடாதீர்கள், தோல்நிற நிழல்களின் மேல் மெல்லப் பூச அருமையாக இருக்கும்.

கல்லை மிக நைசாக அரைத்தாலும் நீலம் வெளிறும். கல் நீலத்தில் நிறத்தின் ஆழம் பருமனான துகளில்தான் இருக்கிறது.

குழாய் நீலம் பற்றி: இந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்பவருக்கு 1824இல் பிரான்சில் 6000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள், 1828இல் பிரெஞ்சு வேதியியலாளர் கிமே அதை வென்றார். நிறத்துக்குக் காரணமான கந்தகம் இரண்டிலும் ஒன்றுதான். செயற்கைத் துகள்கள் நுண்மையாக, ஒரே அளவில் இருப்பதால் சீரான, ஊதா கலந்த அடர்நீலம் கிடைக்கும். பெரிய பரப்புக்கு நான் அதையே சொல்வேன். இயற்கை நீலத்தில் துகள்கள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், எஞ்சிய கால்சைட்டும் ஒளியை உள்ளே விடும். அந்த ஒழுங்கின்மைக்குத்தான் இவ்வளவு பாடும். எண்ணெயில் தடிப்பாகப் பூசினால் ஏறக்குறையக் கறுத்துவிடும். முட்டை மஞ்சள்கருவிலோ கோந்திலோ குழையுங்கள். எண்ணெய்தான் வேண்டுமென்றால் வெள்ளை அடித்தளத்தின் மேல் மெல்லிய பூச்சாக. எலுமிச்சை, வினிகர் எதுவும் அருகில் வேண்டாம், அமிலம் பட்டால் நிறம் போய்விடும்.