பழைய காரில் வருடா வருடம் ஏசி காஸ் குறைவது சகஜம்தானா?

இல்லை. சகஜம் என்று உங்களிடம் சொன்னவர் காஸ் போட்டுச் சம்பாதிப்பவராக இருப்பார்.

உங்கள் வண்டிக்குப் பத்து வயதாவது இருக்கும், மார்ச் பிறந்ததும் ஏசி வெறும் காற்றை ஊதும் என்று வைத்துக்கொள்கிறேன். ஓட ஓடத் தீர்ந்துபோக காஸ் என்ன பெட்ரோலா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதும் உண்மைதான். யாரும் திருத்த வரவேண்டாம். ஆனால் ஒரே வருடத்தில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை.

என்னுடையது 2006 மாடல் சின்ன கார், மதுரை வெயில். இரண்டு கோடையில் மூன்று முறை காஸ், தடவைக்கு 1,800 ரூபாய். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வேக்கம் போட்டு, அதாவது பம்ப் வைத்துக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு மீட்டரைப் பார்த்து, "முள்ளு அசையல சார், லீக் இல்ல" என்று பில்லை நீட்டினார்கள். வேக்கத்தில் குழாய் மேல் விழும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.கூட வராது. ஏசி ஓடும்போது ஒரு பக்கம் 200-ஐத் தாண்டும். ஊசி ஓட்டை எப்படிப் பிடிபடும்?

நான்காவதாக நான் போன கடையில் இருந்த பெரியவர் காஸ் சிலிண்டரைத் தொடவேயில்லை. டார்ச் அடித்து எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பிய இடத்தைத் தேடினார். காஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுவதால் கசிகிற இடம் காட்டிக்கொடுத்துவிடுமாம். கண்டென்சர் (வண்டியின் முன்னால் காஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்), ஓ-ரிங் ஜாயின்ட் (குழாய்கள் சேரும் இடத்து ரப்பர் வளையம்) எல்லாம் சுத்தம். நைட்ரஜனை நல்ல அழுத்தத்தில் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி இல்லை, ஆனால் மறுநாள் காலை மீட்டர் இறங்கியிருந்தது. "அப்ப கூலிங் காயில்தான் தம்பி." சோப்புத் தண்ணீர் எட்டாமல் டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பது அது ஒன்றுதான். டாஷ்போர்டை இறக்கி, காயிலைக் கழற்றித் தனியாக நைட்ரஜன் கொடுத்துத் தண்ணீர் வாளியில் முக்கினார். பஞ்சர் கடை மாதிரி ஒரு மூலையில் குமிழிகள்.

காயில் முழுக்க வேப்பிலை மக்கிப்போய்க் கிடந்தது. என் பழைய வண்டியில் கேபின் ஃபில்டர் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) கிடையாது. ஈரக் குப்பை அலுமினியத்தை அரித்துவிட்டது. வண்டி ஏன் வேப்பமரத்தடியில் நின்றது என்று கேளுங்கள். குடியிருப்பில் கூரையுள்ள பார்க்கிங் எனக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள். செயலாளரின் மச்சான் இரண்டாவது கார் வாங்கியதும் அது 'விருந்தினர் இடம்' ஆகிவிட்டது. ஆறு வருடமாக அந்த விருந்தினர் கிளம்பவேயில்லை. மனு கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுக் காயில், டிரையர் (காஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்), ஓ-ரிங், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ஆனது. அந்த விலைக்கு ஐந்து தடவை காஸ் போடலாமே என்பவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இது மூன்றாவது கோடை, காஸ் இறங்கவில்லை. நான் மெக்கானிக் இல்லை, உங்கள் வண்டியில் எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரியாது. முதலில் நைட்ரஜன் போட்டு ஒரு ராத்திரி விடச் சொல்லுங்கள். அப்புறம் காஸை பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.