புற்றுக்கட்டிக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை நானோ துகள்களும் ஒளியும் எப்படிக் காட்டும்? மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டதா?

நான் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இயற்பியல் பக்கம் வேலை பார்ப்பவன். ஆகவே இதை ஏன் அளக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கதிர்வீச்சு டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்ய முடியாதபடி நிலைக்க வைப்பது ஆக்சிஜன். அது கிடைக்காத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு டோஸ் தேவை. 1955இலேயே தாம்லின்சன், கிரே என்ற ஆராய்ச்சியாளர்கள் நுரையீரல் புற்றுத் திசுவை ஆராய்ந்து, ரத்தக்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போவதற்குள் செல்கள் செத்துக் கிடப்பதைக் காட்டினார்கள். செத்ததைப் பற்றிக் கவலையில்லை. அதற்குச் சற்று முன்னால், குறைந்த ஆக்சிஜனில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள்தாம் சிகிச்சைக்குத் தப்புகின்றன. ஊசி மின்முனையைச் செருகி அளக்கலாம். ஆனால் ஊசி போன பாதையில் இருப்பது மட்டுமே தெரியும்.

இங்கேதான் ஒளி உதவுகிறது. சில சாயங்கள் ஒளிபட்டதும் இரண்டு விதமாக ஒளிரும். ஃப்ளூரசன்ஸ் சில நானோ நொடிகளில் முடிந்துவிடும். பாஸ்போரசன்ஸ் மில்லி நொடிக் கணக்கில்கூட நீடிக்கும். அதற்குள் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும், ஒளி அணைந்துவிடும். எங்கே பாஸ்போரசன்ஸ் பிரகாசமாக இருக்கிறதோ அங்கே ஆக்சிஜன் குறைவு. இப்படிப்பட்ட சாயத்தை நானோ துகள்களில் ஏற்றிக் கட்டிக்குள் அனுப்பலாம்.

பிரகாசத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். துகள்கள் அதிகமாகச் சேர்ந்த இடமும் பிரகாசமாகத்தானே தெரியும்? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கசாண்ட்ரா ஃப்ரேசரின் குழு 2009இல் வெளியிட்ட தீர்வை இந்தத் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். பாலிலாக்டைட் என்ற மக்கும் பாலிமரோடு போரான் சாயத்தைப் பிணைத்து நானோ துகள்களாக்கினார்கள். சாயத்தில் ஓர் அயோடின் அணுவையும் சேர்த்ததால் பாஸ்போரசன்ஸ் வலுத்தது. ஒரே துகள் நீல ஃப்ளூரசன்ஸையும் பச்சை கலந்த மஞ்சள் பாஸ்போரசன்ஸையும் தருகிறது. நீலத்தை ஆக்சிஜன் அவ்வளவாகத் தொடுவதில்லை. இரண்டின் விகிதத்தை எடுத்துவிட்டால் துகள் கூடியதா குறைந்ததா என்பது கணக்கிலிருந்து விலகிவிடும். சுண்டெலியின் தோலில் கண்ணாடிச் சாளரம் பொருத்தி, அதனடியில் வளர்ந்த கட்டியின் ஆக்சிஜன் வரைபடத்தை இப்படி எடுத்தார்கள்.

சாளரம் எதற்கு என்றால், நீல ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாகப் போகாது. அதனால் பல குழுக்கள் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் போர்ஃபிரின் சாயங்களுக்கு (பிளாட்டினம் அல்லது பல்லேடியம் அணுவை நடுவில் கொண்ட வளைய மூலக்கூறுகள்) போய், ஒளி அணைய ஆகும் நேரத்தை அளக்கிறார்கள். எனக்கு அதிக நம்பிக்கை தருவது அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் குழுவின் வழி: சிகிச்சைக்குப் பாய்ச்சும் கதிரே உடலுக்குள் செரென்கோவ் ஒளியை (மின்னேற்றத் துகள்கள் மிக வேகமாகப் பாயும்போது தோன்றும் மங்கலான ஒளி) உண்டாக்குகிறது, அந்த ஒளியிலேயே சாயத்தைத் தூண்டிச் சுண்டெலிக் கட்டிகளில் அளந்திருக்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே ஆக்சிஜன் தெரியும் என்பது எங்கள் துறைக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனையாக இது இன்னும் வரவில்லை. மனிதர்களின் ஆழமான கட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த பகுதியைத் தேட, ஆக்சிஜன் குறைந்த செல்களில் தங்கிவிடும் ஃப்ளூரோமிசோனிடசோல் என்ற கதிரியக்கப் பொருளைப் போட்டு எடுக்கும் பெட் ஸ்கேன் உண்டு. அதுவும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காகத்தான்.